படிவம் 20: நெல்லைச் சீமையின் ஓட்டைப் படிக்க ஏற்ற கருவியா?

விலை எதுவும் இல்லை. கிடைக்கும் இடம் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளம். தொகுதிக்கு ஒரு பிடிஎஃப். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு விழுந்தது என்று சொல்லும் இறுதி முடிவுத் தாள் இது. தேர்தல் நடத்தை விதிகள் 1961-இல் இதற்குப் படிவம் 20 என்று பெயர். இன்றைய அரசியலை ஆராய்கிறவர்கள் கையில் இருப்பவற்றில் ஓட்டுக் கணக்கை ஊர் வரைக்கும் இறக்கிக் காட்டுவது இது ஒன்றுதான். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களை எடுத்து ஆய்வு செய்கிற முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கும், தேர்தல் செய்தி எழுதுகிறவர்களுக்கும் இது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் காலை வாரும் என்று பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க லோக் தாபா, லோக்நீதி, மைநேதா, வி-டெம் ஆகிய தரவுத் தொகுப்புகளும் இருக்கின்றன. ஆனாலும் இங்கே பெரும்பங்கு இடம் படிவம் 20-க்குத்தான்.

இந்தப் பக்கத்தில் ஏன் கூடுதல் பயன்

சாவடிக் கணக்கைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கேட்பது, எந்தச் சமூகத்தார் யாருக்குப் போட்டார்கள் என்பதைத்தான். தாளில் அது இல்லை. மொத்தக் கணக்கிலிருந்து தனி ஆளின் நடத்தையை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1950-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் காட்டினார். 1953-இல் டங்கனும் டேவிஸும் அதற்கு ஓர் எளிய எல்லைக் கணக்கைக் கொடுத்தார்கள். அதைப் போட ஒரு கால்குலேட்டர் போதும்.

ஒரு சாவடியில் 1,000 பேர் ஓட்டுப் போட்டார்கள், அதில் 600 பேர் ஒரு சமூகம், 400 பேர் இன்னொரு சமூகம், ஒரு கட்சிக்கு 500 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 500-இல் 400 ஓட்டு வரை இரண்டாம் சமூகத்திலிருந்தே வந்திருக்கலாம். அப்படியானால் முதல் சமூகத்தில் அந்தக் கட்சிக்குப் போட்டவர்கள் 100 பேர்தான், 16.7 சதவீதம். 500-ம் முதல் சமூகத்தினுடையது என்றால் 83.3 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது. இரண்டாம் சமூகத்துக்கு எல்லை 0 முதல் 100 வரை போகும், அதாவது ஒன்றுமே தெரியாது.

இதையே மாற்றிப் பாருங்கள். 1,000-இல் 950 பேர் ஒரே சமூகம், கட்சிக்கு 700 ஓட்டு. கீழெல்லை 650-ஐ 950-ஆல் வகுத்தால் 68.4 சதவீதம். மேலெல்லை 700-ஐ 950-ஆல் வகுத்தால் 73.7 சதவீதம். ஐந்தரைப் புள்ளிக்குள் விடை அகப்பட்டுவிட்டது.

சென்னையில் ஓர் அடுக்குமாடிப் பகுதியின் சாவடி முதல் வகை. ராதாபுரம் தொகுதியின் கடலோர மீனவ ஊர்களான இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி போன்றவையும், மேலப்பாளையத்தின் உட்தெருக்களும், திசையன்விளையைச் சுற்றிய பல ஊர்களும் இரண்டாம் வகையை நெருங்கிவருகிறவை. ஊரே ஒரு சமூகமாக இருக்கும், இல்லாவிட்டால் தெரு தெருவாகப் பிரிந்திருக்கும். பெருமைப்பட இதில் எதுவும் இல்லை. ஆனால் எல்லைக் கணக்குக்கு இது தோதானது. தலைநகரத்து ஆய்வாளர் சாவடித் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், அவருடைய தொகுதிக்கு அது சரி. நாங்குநேரிக்கும் ராதாபுரத்துக்கும் அது பொருந்தாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தனித்து வாழும் ஊரில் ஒரு சமூகம் போடுகிற மாதிரியே அதே சமூகத்தார் வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கலந்து வாழும்போதும் போடுவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 70 சதவீதம் என்று கிடைத்த விடை அந்தச் சாவடிகளுக்கு மட்டும் சொந்தமானது. அதைத் தொகுதி முழுக்கப் பரப்பினால் ராபின்சன் காட்டிய அதே குழிதான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. மேலே 950 என்று எழுதினோமே, அந்த எண்ணை எங்கே வாங்குவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராம அளவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மொத்தத்தை மட்டும் தருகிறது. மற்றச் சாதிகளுக்கு ஊர்வாரிக் கணக்கு வெளியில் இல்லை. சாதிவாரிக் கணக்கு சேர்ந்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறித்திருக்கிறார்கள். அதுவரை கிடைப்பது கட்சிக்காரர் வாய்க்கணக்கும் சங்கத்தார் துண்டறிக்கையும். ஒரு தொகுதியில் ஒவ்வொரு சமூகச் சங்கமும் சொல்லும் எண்ணைக் கூட்டிப் பாருங்கள், தொகுதியின் மொத்த வாக்காளரை அது சுலபமாக மிஞ்சிவிடும். ஆகவே ஒரு சமூகத்தின் பங்கை ஒற்றை எண்ணாக வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 85 என்று ஒரு தடவை, 95 என்று ஒரு தடவை போட்டு, இரண்டிலும் முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காத முடிவை ஆய்வேட்டில் ஏற்ற வேண்டாம்.

தாள் கைக்கு வந்த பிறகு

இடமிருந்து வலமாகச் சாவடி எண், வேட்பாளர்வாரியாகச் செல்லுபடியான ஓட்டு, அவற்றின் கூட்டுத்தொகை, தள்ளுபடி ஓட்டு, நோட்டா, மொத்தம், கடைசியில் டெண்டர் ஓட்டு. அடியில் இயந்திர ஓட்டு, தபால் ஓட்டு, இரண்டும் சேர்ந்த தொகை. டெண்டர் ஓட்டு என்பது, தன் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டுப் போனார் என்று வந்து நிற்கிறவருக்குத் தரும் சீட்டு. அது எண்ணிக்கையில் சேராது, ஆனால் எந்தச் சாவடியில் அது வந்தது என்பது ஆய்வாளருக்கு ஒரு தகவல்.

நோட்டாவை எங்கே சேர்ப்பது என்று முதலிலேயே முடிவெடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2013 செப்டம்பர் தீர்ப்பால் வந்தது அது. செல்லுபடியான ஓட்டில் அது சேராது, டெபாசிட்டுக்கான ஆறில் ஒரு பங்கும் நோட்டா நீங்கலாகத்தான். ஆணையத்தின் முடிவுப் பக்கத்தில் காணும் சதவீதத்தில் நோட்டாவும் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒரு அட்டவணையில் இரண்டு விதமும் கலந்தால் தசமத்துக்குப் பின்னால் உள்ள இலக்கம் ஒத்துவராமல் நாள் முழுக்கத் தேடவேண்டிவரும்.

எண்களைத் தாளிலிருந்து பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. எழுத்தாகச் சேமித்த பிடிஎஃப் என்றால் டாபுலா என்ற இலவச மென்பொருள் அட்டவணையை அப்படியே உருவிக் கொடுக்கும். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்கேன் செய்த தாள்களும் நிறைய. அவற்றுக்குப் படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள் வேண்டும். ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 சாவடி, 15 வேட்பாளர் என்றால் 4,500 கட்டம். ஓசிஆர் 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் வாசிக்கும், கோடு ஒட்டிய 1-ஐ விழுங்கிவிடும். செங்குத்தாக அச்சான வேட்பாளர் பெயர்களைப் பெரும்பாலும் வாசிக்காது. போட்டியிடும் வேட்பாளர் பட்டியலான படிவம் 7அ-வை எடுத்து, அதே வரிசையில் பெயர்களைக் கையால் தட்டுவதே சீக்கிரம்.

சரிபார்க்க இரண்டு கூட்டல் போதும். ஒவ்வொரு வரிசையிலும் வேட்பாளர் ஓட்டுகளைக் கூட்டிச் செல்லுபடி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் மேலிருந்து கீழாகக் கூட்டி அடிவரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒரே அளவு வித்தியாசம் காட்டினால் அவை வெட்டிக்கொள்ளும் கட்டம்தான் குற்றவாளி. கையால் தட்டிய அட்டவணையில் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் 63-க்கு 36 என்று இலக்கம் இடம் மாறியிருக்கும், கணக்குப்பிள்ளைகளின் பழைய வித்தை இது. வரிசைக் கூட்டல் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பக்கம் மாறும் இடத்தில் இரண்டு வேட்பாளரின் பத்தி இடம் மாறியிருந்தால் வரிசைக் கூட்டல் சிரித்துக்கொண்டே தேறிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றிரண்டு சாவடி காணாமல் போயிருக்கலாம். காலையில் நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் ஓட்டை அழிக்காமல் விட்ட இயந்திரத்தையும், சாவடியில் பதிவான ஓட்டைக் குறித்துவைக்கும் படிவம் 17சி-யோடு மொத்தம் ஒத்துவராத இயந்திரத்தையும் தனியே எடுத்துவைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடிகளின் மொத்த ஓட்டைவிட அதிகம் என்றால் அவை எண்ணப்படாமலே போகும். பூஜ்யம் என்று பதிந்து சராசரி எடுத்தால் தவறு, அதை வெற்றுக் கட்டமாக விடுங்கள்.

எந்தச் சாவடி எந்தத் தெரு

படிவம் 20-இல் இருப்பது சாவடி எண் மட்டும். ஊர்ப்பெயர் இருக்காது. வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியே எடுத்து இணைக்க வேண்டும். அதிலும் கிடைப்பது பள்ளிக்கூடத்தின் பெயர்: டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலம்) தொடக்கப்பள்ளி, ஆர்.சி. நடுநிலைப்பள்ளி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, அதில் தெற்குப் பார்த்த கட்டடம், கிழக்குப் பகுதி. ஒரே பள்ளியில் இரண்டு மூன்று சாவடி இருக்கும். டி.டி.டி.ஏ. பள்ளி என்பதால் அங்கே போட்டவர்கள் கிறிஸ்தவர்கள் என்று ஊகிப்பது, வெளியூர் ஆய்வாளர் விழும் பழகிய பள்ளம். பள்ளி யாருடையது என்பதற்கும் வரிசையில் நிற்பவர் யார் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

விடை வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பாகத்தில், அதாவது ஒரு சாவடிக்கு உரிய பட்டியலில், அடங்கிய பிரிவுகள் தெருத்தெருவாக அங்கே அச்சாகியிருக்கும், கூடவே தாலுகா, காவல் நிலையம், அஞ்சலகம் எல்லாம். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் தெருப்பட்டியலைத் தட்டிவைத்துக்கொண்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி. உள்பக்கங்கள் படக் கோப்பாக இருப்பதால் தேடல் வேலை செய்யாது. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று கேட்ட வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்துவிட்டது.

அடுத்த வில்லங்கம், சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் நகரும். 2021-இல் கொரோனா காரணமாகச் சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர் என்று குறைத்ததில் துணைச்சாவடிகள் முளைத்தன. 2024-இல் வரம்பு மறுபடி 1,500. 2025-இல் அதை 1,200 ஆக்க ஆணையம் முடிவெடுத்தது. ஆகவே 2016-இன் 112-ஆம் சாவடியும் 2021-இன் 112-ஆம் சாவடியும் ஒரே ஊர் என்று எண்ணை வைத்து இணைத்தால் மொத்தமும் நாசம். இணைப்பு எண்ணால் இல்லை, தெருவால். பிரிந்த சாவடிகளை ஊர் அளவில் கூட்டி, ஊருக்கு ஒரு வரிசை என்று ஆக்குவதே நிலைக்கும். சதவீதங்களைச் சராசரி எடுக்காதீர்கள், ஓட்டுகளைக் கூட்டிப் பிறகு சதவீதம் காணுங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தை இந்தப் பக்கத்தில் அரசியல் ஆர்வத்தின் அளவுகோலாக எடுப்பதும் சரி வராது. பட்டியலில் பெயர் ஊரில் இருக்கும், ஆள் சென்னையிலோ மும்பையிலோ கடை வைத்திருப்பார், இல்லாவிட்டால் வளைகுடாவில் இருப்பார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இன்னொரு எல்லை. சிங்கம்பட்டி ஜமீனிடம் பெற்ற 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிற நிலையில், 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். மலையின் மேல் உள்ள சாவடிகளில் ஓட்டு குறைந்தால் அது கோபம் இல்லை, ஆளே இறங்கிவிட்டார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வகுக்கும் எண்ணே வேறு. அதற்கு முந்தைய சதவீதத்தோடு நேருக்கு நேர் வைத்தால், யாரும் கூடுதலாகப் போடாமலே சதவீதம் ஏறியது போலத் தெரியும்.

தபால் ஓட்டு

இதுதான் படிவம் 20-இன் குருட்டுப்புள்ளி. தபால் ஓட்டு தொகுதிக்கு ஒரே வரியில் வரும், எந்த ஊருடையது என்று தெரியாது. அரசு ஊழியர்கள், காவலர்கள், வீட்டிலிருந்தே போடும் முதியவர்கள் எல்லாம் அதற்குள். 2021-இல் 80 வயதுக்கு மேற்பட்டோரும், 2024-இல் 85-க்கு மேற்பட்டோரும் இப்படிப் போடலாம் என்பதால் இந்த இரண்டு தேர்தலின் தபால் வரியையும் நேராக ஒப்பிட முடியாது.

சிறிய வரிதானே என்று தள்ளிவிட இந்தப் பகுதியில் வழியில்லை. 2016-இல் ராதாபுரத்தில் அதிமுகவின் ஐ. எஸ். இன்பதுரை 69,590 ஓட்டும் திமுகவின் மு. அப்பாவு 69,541 ஓட்டும் பெற்றார்கள். வித்தியாசம் 49. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டதால் செல்லாது என்று ஒதுக்கிய 203 தபால் ஓட்டு வழக்காகி, 2019 அக்டோபரில் அவற்றையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் தென்காசியில் காங்கிரஸின் சு. பழனி நாடார் வென்றது 370 ஓட்டில். அங்கேயும் நீதிமன்ற உத்தரவால் 2023 ஜூலையில் தபால் ஓட்டை மறுபடி எண்ணினார்கள், வெற்றி நிலைத்தது. இப்படிப்பட்ட தொகுதியில் சாவடிக் கணக்கை மட்டும் வைத்து “இந்த ஊர்தான் தோற்கடித்தது” என்று எழுதுவது வம்பு.

சுற்று எண்ணைச் சாவடியாக மாற்ற ஒரு குறுக்குவழி உண்டு. எண்ணும் இடத்தில் வழக்கமாக 14 மேசை, ஒரு சுற்றில் மேசைக்கு ஒரு சாவடி. சுற்றிலிருந்து ஒன்றைக் கழித்து 14-ஆல் பெருக்கினால் அதற்கு முன் முடிந்த சாவடிகள் வரும். 19-ஆம் சுற்று என்றால் 252-க்கு அடுத்ததிலிருந்து. மேசை எண்ணிக்கை மாறினாலோ துணைச்சாவடிகள் நடுவில் இருந்தாலோ இது பிசகும்.

கட்சிப் பெயர் என்னும் பொறி

படிவத்தில் உள்ளது வேட்பாளர் பெயர். அதைக் கட்சியாகவும், கட்சியைக் கூட்டணியாகவும் மாற்றுவது உங்கள் வேலை. திருநெல்வேலி தொகுதியில் 2016-இல் அதிமுக வேட்பாளராக நின்று 601 ஓட்டில் திமுகவின் ஏ. எல். எஸ். லட்சுமணனிடம் தோற்ற நயினார் நாகேந்திரன், 2021-இல் அதே தொகுதியில் அதிமுக கூட்டணியின் பாஜக வேட்பாளராக அவரையே வென்றார். 2024 மக்களவைத் தேர்தலில் அதிமுகவும் பாஜகவும் தனித்தனி. நயினார் 3,36,676 ஓட்டுப் பெற்று, காங்கிரஸின் சி. ராபர்ட் புரூஸிடம் 1,65,620 ஓட்டில் தோற்றார். இந்த மூன்று தாளையும் அடுத்தடுத்து வைத்துப் “பாஜக வளர்ச்சி” என்று வரைபடம் போட்டால் பாதி வளர்ச்சி ஒரு மனிதர் கட்சி மாறியது, மீதியில் ஒரு பங்கு கூட்டணி ஓட்டு. அட்டவணையில் கட்சிக்கு ஒரு பத்தி, அணிக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு பத்தி என்று மூன்றும் வேண்டும்.

சுயேச்சைகளை “மற்றவர்” என்று ஒரே குப்பையில் கொட்டும் பழக்கமும் இங்கே ஆகாது. 2021 ஆலங்குளத்தில் ஹரி நாடார் 37,000-க்கு மேல் வாங்கினார். முதல் இருவரின் வித்தியாசம் நான்காயிரத்துக்கும் குறைவு. அந்தத் தொகுதியின் சாவடித் தாளில் அவருடைய பத்தியை முதலில் படியுங்கள்.

பக்கத்தில் வைக்க வேண்டியவை

அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் தாபா தொகுதி அளவுக்கு நின்றுவிடும், ஆனால் 1962 வரை பின்னோக்கிப் போகும், சுத்தமான சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாகக் கையில் வரும். வேட்பாளருக்கு ஒரு தனி அடையாள எண், கட்சி மாறினாரா, மறுபடி நின்றாரா, எத்தனை முறை வென்றார் என்ற பத்திகளெல்லாம் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே ஆளின் பெயரை நாலு விதமாக எழுதும் தமிழ்நாட்டில் அந்த அடையாள எண் ஒன்றுக்கே நன்றி சொல்லலாம். சட்டமன்றமும் மக்களவையும் தனித்தனி அட்டவணை என்பதால், நடுவில் மக்களவைக்கு நின்றவரின் பயணம் ஒன்றில் மட்டும் முழுதாகத் தெரியாது.

அதில் கட்சிகளின் பயனுறு எண்ணிக்கை என்று ஒரு பத்தி வரும். ஒவ்வொருவரின் பங்கையும் இருமடியாக்கிக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்தது. 45, 40, 10, 5 என்று ஓட்டுப் பிரிந்தால் கூட்டல் 0.375, விடை 2.67. காகிதத்தில் நால்வர் போட்டி, உள்ளே இரண்டரைப் பேர் போட்டி. இதையே உங்கள் சாவடி அட்டவணையிலும் போட்டுப் பார்க்கலாம். தொகுதியில் 3 என்று வரும் இடத்தில் ஊர் ஊராக 1.3, 1.4 என்று வந்தால், போட்டி ஊருக்குள் இல்லை, ஊர்களுக்கு நடுவில் என்று அர்த்தம். ஓட்டு கட்டாக விழுவது என்று கட்சிக்காரர் சொல்வதன் எண் வடிவம் அது.

லோக் தாபாவில் எல்லை வரையறை எண்ணைக் காட்டும் பத்தியை மறைத்துவிடாதீர்கள். 2008 மறுவரையறையில் சேரன்மகாதேவி தொகுதியே மறைந்தது, பக்கத்துத் தொகுதிகள் உருமாறின. 2006-இன் அம்பாசமுத்திரமும் 2011-இன் அம்பாசமுத்திரமும் பெயரில்தான் ஒன்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது தொகுதி எல்லையைத் தொடவில்லை, ஆனால் மாவட்ட அளவுப் புள்ளிவிவரம் எதையும் இணைக்கும்போது இடிக்கும். ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில், ஆனால் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில்.

வளரும் சமுதாயங்களின் ஆய்வு மையத்தின் லோக்நீதி ஆய்வு வேறு ஜாதி. தாள் சொல்லாததை, அதாவது இன்னார் ஏன் இப்படிப் போட்டார் என்பதை, ஆளிடமே கேட்பது. வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் பெயர் எடுப்பார்கள். ஓட்டுக் கேள்விக்கு வாயால் பதில் வாங்காமல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். கோரிக்கை கொடுத்துத் தரவைப் பெறலாம். மாநிலத்துக்கு அருமையான கருவி, மாவட்டத்துக்கு ஆகாது. 400 பேர் மாதிரிக்கே பிழை எல்லை ஏறத்தாழ 5 புள்ளி இருபக்கமும், 100 பேருக்கு 10 புள்ளி. மாநில மாதிரியில் நெல்லைப் பக்கத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் பேர்தான். அவர்களை மட்டும் பிரித்தெடுத்து “தென் மாவட்டப் பெண்கள்” என்று சதவீதம் போடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

அந்த முறையைச் சொந்தக் களத்தில் சிறிய அளவில் செய்வது நல்லது. பாகத்தில் 1,050 பெயர், 20 பேர் வேண்டும் என்றால் இடைவெளி 52. 1-க்கும் 52-க்கும் நடுவில் குலுக்கி ஒரு எண், பிறகு 52 கூட்டிக்கொண்டே போங்கள். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டைப் பிடிக்காதீர்கள், வேறு நேரத்தில் மறுபடி போங்கள். வீட்டில் இருப்பவர்களையே பிடித்தால் மாதிரியில் முதியவர் பெருகுவர். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பகலில் வீட்டில்தான் இருப்பார்கள், கை ஓய்ந்திருக்காது. சுற்றியதைக் கடையில் கொடுக்கப் போகும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு அதைத் தவிர்த்துப் போனால் பதில் நிதானமாக வரும். கூட ஆண்கள் நின்றால் சீட்டும் பெட்டியும் கட்டாயம்.

மைநேதா, வேட்பாளர்களின் படிவம் 26 பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்துத் தருவது. சொத்து அவரவர் சொன்ன மதிப்பு என்பதை மறக்காதவரை பயன்படும். வி-டெம் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. வல்லுநர்களின் மதிப்பீட்டை வைத்து நாடுகளின் ஜனநாயகத்தை அளக்கும். நாடு என்பதுதான் அதன் அலகு. நாங்குநேரி ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரிக்கு மேல் அதற்கு வேலையில்லை.

வெளியிடும் முன்

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிக்கும் இயந்திரம் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தலில். சாவடி அளவில் ஊர் அம்பலமாவது அதன் பக்கவிளைவு. பல இயந்திரங்களைச் சேர்த்து ஒரே மொத்தம் காட்டும் டோட்டலைசர் கருவியை ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. “உங்க ஊர்ல எனக்கு எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்” என்று தண்ணீர்த் தொட்டிக்கு மனுக் கொடுக்க வந்தவரிடம் சொல்ல முடிவது இந்தத் தாளால்தான். ஆகவே ஆய்வில் ஊர்ப்பெயரை மறைத்து எழுதுங்கள். சாவடி எண்ணை விட்டுவைத்துப் பெயரை மட்டும் மறைப்பது மறைப்பே இல்லை, வாக்காளர் எண்ணிக்கையையும் முழு எண்ணாகத் தராமல் வட்டமாகத் தர வேண்டும்.

மதிப்பு: தரவின் நுணுக்கத்துக்கு 5-க்கு 5. கையாளும் வசதிக்கு 2, ஸ்கேன் தாள்களும் எண் மாற்றங்களும் காரணம். சமூகவாரி ஓட்டைத் தேடுகிறவர்களுக்கு, ஒற்றைச் சமூக ஊர்கள் உள்ள தொகுதியில் 4, டவுன் சாவடிகளில் 1. சந்தேகம் வரும் சாவடிக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி-யின் நகலைப் பூத் ஏஜெண்டுகளுக்குக் கொடுப்பது விதி. கட்சிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அது பல வருஷம் கிடக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாங்குநேரியைப் பரிந்துரைக்கிறோம். 2019 ஏப்ரல் 18-இல் மக்களவைத் தேர்தல், நாங்குநேரி எம்.எல்.ஏ. வசந்தகுமார் கன்னியாகுமரி எம்.பி. ஆகிப் பதவி விலகியதால் அக்டோபர் 21-இல் சட்டமன்ற இடைத்தேர்தல். ஆறு மாத இடைவெளி, ஏறக்குறைய அதே பட்டியல், அதே சாவடிகள், அதே இரண்டு பெரிய அணிகள். முதலாவதில் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியைத் திமுக எடுத்தது, இரண்டாவதில் நாங்குநேரியை அதிமுகவின் ரெட்டியார்பட்டி நாராயணன் எடுத்தார். இடைத்தேர்தலில் அமமுகவும் மக்கள் நீதி மய்யமும் நிற்கவில்லை என்பதையும், தேவேந்திரகுல வேளாளர் பெயர்க் கோரிக்கைக்காகச் சில ஊர்கள் ஓட்டைப் புறக்கணித்தன என்பதையும் கணக்கில் வையுங்கள். புறக்கணித்த சாவடியில் சதவீதத்தைப் பார்க்காமல் ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு தாளையும் இணைத்து, ஒவ்வொரு சாவடியிலும் ஏறியது இறங்கியது என்ன என்று வரிசைப்படுத்தினால் மேலே வரும் பத்து ஊர்ப்பெயர்தான் களப்பணிக்கான பஸ் ரூட்.